கழிவு வால்வும் முதுகலைப் பட்டமும்

முதுகலைப் பட்டம் வாங்க வேண்டும் என்ற ஆசை பக்கிரிக்கு நாற்பத்தெட்டு வயது வரை வந்ததில்லை. ஆசை வந்தது அரசாணைக்கு.

ஒவ்வோர் அலுவலகமும் தன்னிடம் உள்ள பட்டதாரி ஒருவரை 'உயிர்ப் பாதுகாப்பு மற்றும் பேரிடர் ஆயத்தம்' என்ற ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு அனுப்ப வேண்டும் என்றது அந்த ஆணை. புதுச்சேரியின் அலுவலகங்கள் உட்கார்ந்து யோசித்தன. எவர் போனால் வேலை நின்றுவிடுமோ அவரை யாரும் அனுப்புவதில்லை. எவர் போனாலும் ஒன்றும் ஆகாது என்று தோன்றுகிறதோ அவரைத்தான் அனுப்புவார்கள். மணல்மேட்டு நகர்த் தண்ணீர் ஆபீசில் அப்படித் தோன்றியவர் பக்கிரி.

அவர் தண்ணீர் விடுகிறவர். காலை ஐந்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் வால்வைத் திறப்பது, மூடுவது. அவ்வளவுதான். மில்லில் இருந்த அப்பா இறந்து, மில்லும் மூடி, கிடைத்த வேலைக்கு வந்தவர். வேலைக்கு வந்த பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு முடித்திருந்தார். அதைப் பற்றி இருபது வருடமாக யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்டார் இளநிலைப் பொறியாளர் கோபிநாத்.

"பக்கிரி, நீங்க டிகிரி ஹோல்டர்தான?"

"ஆமா சார். ஹிஸ்டரி."

"பேரிடரும் ஹிஸ்டரிதான். போயிட்டு வாங்க."

பக்கிரியின் வேலையில் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒரு பழக்கம் இருந்தது. மணல்மேட்டு நகரின் பழைய இரும்புக் குழாய் ஓரிடத்தில் சாக்கடை வாய்க்காலுக்குள் இறங்கி ஏறுகிறது. அங்கே ஒரு இணைப்பு தளர்ந்துவிட்டது. தண்ணீர் நிறுத்தியிருக்கும் நேரத்தில் காலிக் குழாய் சாக்கடையை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அவர் தெருவுக்குத் திறப்பதற்கு முன் தெருக்கோடியில் இருக்கும் கழிவு வால்வைத் திறந்துவிடுவார். முதலில் கருப்பாக வரும், பிறகு பழுப்பாக. உள்ளங்கையில் ஏந்தி மோந்து பார்ப்பார். நாற்றம் போக ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும். போன பிறகுதான் ஊருக்குத் தண்ணீர்.

இணைப்பை மாற்றச் சொல்லி ஏழு மனு கொடுத்திருந்தார். ஏழுக்கும் பதில் வரவில்லை. ஆனால் கழிவு வால்வு திறப்பதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டதால், பொதுமக்களின் குடிநீரைத் தினமும் இருபது நிமிடம் வீணாக்குவதற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ மட்டும் வந்தது. அவர் விளக்கம் எழுதிக் கொடுத்தார். மெமோவும் விளக்கமும் ஒரே கோப்பில் தூங்கின. பக்கிரி வழக்கம்போல் மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறுவனம் டவுனில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, உயரமான ஜன்னல் வைத்த கட்டடத்தில் இருந்தது. முதல் நாள் இயக்குநர் டாக்டர் விஜயராகவன் வரவேற்றுப் பேசினார்.

"இந்த நிறுவனம் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆறு ஆண்டுகளில் இந்த வளாகத்துக்குள் ஒரு பேரிடர்கூட நடந்ததில்லை. அதுவே நம் பணியின் வெற்றி. நம்முடைய கிருமி ஆய்வகம் தென்னிந்தியாவிலேயே மிகத் தூய்மையானது. அதற்குள் இதுவரை ஒரு கிருமிகூட நுழைந்ததில்லை. ஏனென்றால் நாங்களே இன்னும் நுழையவில்லை. திறப்பு விழாவுக்குத் தேதி கேட்டிருக்கிறோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். பக்கிரியும் தட்டினார். மொத்தம் பன்னிரண்டு மாணவர்கள். பன்னிரண்டு பேரும் ஏதோ ஓர் அலுவலகத்தில், இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள்.

முதல் இரண்டு மாதம் பேரிடர் என்றால் என்ன என்று படித்தார்கள். பதினொரு வரையறைகள் இருந்தன. மூன்றாவது மாதம் கையுறையைக் கழற்றப் படித்தார்கள். அதற்குப் பதினேழு படிகள். பதினான்காம் படியில் மூக்கைச் சொறிந்த ஒருவர் ஃபெயில் ஆனார். பிறகு கை கழுவும் பாடம் வந்தது. பாடம் நடத்திய பேராசிரியர் சிவசங்கரி குழாயைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை.

"பரவாயில்லை, காற்றிலேயே செய்யுங்கள்" என்றார்.

பன்னிரண்டு பேரும் காற்றில் கை கழுவினார்கள். பக்கிரி குனிந்து குழாயைப் பார்த்தார்.

"மேடம், வாசர் போயிருக்கு. ஒரு ஸ்பேனர் குடுத்தா ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடுவேன்."

"பக்கிரி, பழுது பார்ப்பது பாடத்திட்டத்தில் இல்லை. கையைக் காட்டுங்கள்."

ஒன்பது மணிக்குத்தான் வகுப்பு. சாயந்தரம் மூன்று மணிக்கே விட்டுவிடுவார்கள். அதனால் காலையிலும் மாலையிலும் தண்ணீரை அவரே விட்டுக்கொண்டிருந்தார். ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறாவது மாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்: 'தனிமைப்படுத்தல் செய்முறை. பதினான்கு நாட்கள். மாணவர் அனைவரும் மாடியில் அடைக்கப்படுவர். கைப்பேசிகள் முத்திரையிடப்படும். விலக்கு இல்லை.'

பக்கிரியின் ஒரே மகள் கலைவாணி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டு மாதம் முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது. அவர் சிவசங்கரியிடம் போய்ச் சொன்னார். பேராசிரியர் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பேறுகாலத்துக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் மாணவருடைய பேறுகாலத்துக்கு. உங்களுக்கு எத்தனையாவது மாதம்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தது.

பக்கிரிக்குப் பதிலாக அம்மாவாசையைப் போட்டார்கள். அவர் தண்ணீர் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். பக்கிரி அவரைத் தெருக்கோடிக்கு அழைத்துப் போய்க் கழிவு வால்வைக் காட்டினார்.

"இத மொதல்ல தொறக்கணும். நாத்தம் போனப்புறம் மூடிட்டு அத தொறக்கணும். மறந்துடாத."

"எழுத்துல இருக்கா?"

"எழுத்துல இல்ல அம்மாவாச. நான் சொல்றேன்ல?"

"ஒரு தடவ வாயால சொன்னாங்கன்னு லாரிய எடுத்தேன். எடுக்கச் சொன்னவரு நான் சொல்லவே இல்லன்னுட்டாரு. மூணு மாசம் சஸ்பெண்ட். எழுத்துல குடு, எட்டு மாசமும் தொறக்கறேன்."

பக்கிரி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அம்மாவாசை கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் படித்து, சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். பக்கிரிக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த நாள் காலை மாடிக்குப் போனார்.

செய்முறையைக் குத்துவிளக்கேற்றித் தொடங்கினார்கள். நாதஸ்வரம் மட்டும்தான் இல்லை. டாக்டர் விஜயராகவன் பேசினார்.

"வெளியே நோய் இல்லை. உள்ளேயும் நோய் இல்லை. இந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்துவிடாமல் பதினான்கு நாள் பார்த்துக்கொள்வதுதான் நம் பயிற்சி."

பன்னிரண்டு கைப்பேசிகளையும் ஒரு பெட்டியில் போட்டு அரக்கு வைத்தார்கள். மணிக்கட்டில் ஆளுக்கொரு நீலப்பட்டை கட்டினார்கள். மற்றவர்கள் கீழே இறங்கிப் போனதும் கதவு சாத்தப்பட்டது. மாடியில் சதுரங்கப் பலகை ஒன்றும், காலாவதியான சத்து மாத்திரைப் பெட்டி ஒன்றும் இருந்தன. தினமும் காலையில் ஒருமுறை, மூன்று வேளைச் சாப்பாட்டையும் சேர்த்துச் சுவரில் இருந்த சின்னத் திறப்பு வழியாகத் தையல்நாயகி தள்ளிவிடுவாள். நிறுவனத்தின் சமையல்காரி. மணல்மேட்டு நகர்தான் அவளுக்கும். கையில் உறை, தலையில் உறை, முகத்தில் மூடி. மூடிக்குள்ளிருந்து பேசுவாள்.

நான்கு நாட்கள் சாம்பாரைப் பற்றிப் பேசினாள். ஐந்தாம் நாள் வேறு பேச்சு.

"அண்ணே, நம்ம ஏரியாவுல வாந்தி பேதி. ரெண்டு நாளா. கோடி வீட்டு அஞ்சலாட்சி போயிடுச்சிண்ணே."

"போயிடுச்சின்னா?"

"செத்துப்போச்சி. முப்பது பேருக்கு மேல ஆஸ்பத்திரில கெடக்கறாங்க."

பக்கிரிக்குச் சாப்பாட்டுத் தட்டு கையில் இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"தண்ணி எப்பிடி வருது?"

"மொதல்ல கொஞ்சம் கலங்கலாத்தான் வருது. அப்புறம் தெளிஞ்சிடுது. நாங்க என்ன, தெளியற வரைக்குமா நிப்போம்? எங்களுக்குப் பின்னாடி இருபது கொடம் நிக்குது."

"தையலு, நேரா அம்மாவாசகிட்ட போ. கழிவு வால்வ தொறந்தியான்னு கேளு. எங்க வீட்டுல சொல்லு, காய்ச்சாத தண்ணி ஒரு சொட்டு கலைவாணி வாயில போவக் கூடாது. பக்கத்து வூடுங்களுக்கும் சொல்லச் சொல்லு. இரு, அம்மாவாசைக்கு எழுதிக் குடுக்கறேன்."

"எழுதிக் குடுத்தா நான் வாங்கக் கூடாதுண்ணே. உள்ளேருந்து வர்ற காயிதம் கிருமி நீக்கற பெட்டில ரெண்டு நாள் இருக்கணும்னு உத்தரவு."

பதினொரு மணிக்கு இயக்குநர் பார்வையிட வந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் தலை முதல் கால் வரை வெள்ளைக் கவச உடையில் நின்றார். பக்கிரி தடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். குழாய், சாக்கடை, இணைப்பு, கழிவு வால்வு, பத்து நிமிடம்.

"ஒரே ஒரு ஃபோன் சார். இல்ல, நீங்களே பண்ணுங்க. சாயந்தரம் நாலு மணிக்கு மறுபடியும் தண்ணி வுடுவாங்க."

இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். அவர் எதையும் பொறுமையாகக் கேட்பவர்.

"பக்கிரி, இந்த நிறுவனத்தின் பெயர் என்ன? பேரிடர் ஆயத்தம். பேரிடர் வரும்வரைதான் நம் பொறுப்பு. வந்துவிட்டால் அது வேறு துறை. நாம் தலையிட்டால் எல்லை மீறல் ஆகிவிடும்."

"அப்ப என்னையாவது வெளிய வுடுங்க சார்."

"வெளியே நிஜமாகவே நோய் வந்துவிட்டது. இந்த நேரத்திலா தனிமைப்படுத்தலை மீறுவது? ஆறு மாதம் என்ன படித்தீர்கள்?"

"எனக்கு நோயே இல்லையே சார்."

"பாடத்திட்டப்படி இருக்கிறது" என்றார் இயக்குநர், கனிவாக.

ஆறாம் நாள் காலை தையல்நாயகி பதில் கொண்டுவந்தாள். பக்கிரி எழுதிக் கொடுத்த தாளை அம்மாவாசை அன்றைக்கே பொறியாளரிடம் கொண்டுபோய்க் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். கோபிநாத் கோப்பை எடுத்துப் பார்த்திருக்கிறார். கோப்பில் வீணாக்கியதற்கான மெமோ இருந்தது. மெமோ கொடுக்கப்பட்ட ஒரு செயலை எப்படி உத்தரவாகக் கொடுப்பது என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

"'எழுத்துல தொறக்கணும்னு இல்ல, தொறக்கக் கூடாதுன்னுதான் இருக்கு' அப்பிடிங்கறாருண்ணே அம்மாவாச. அவரு மேல தப்பு சொல்ல முடியல. அவரு பொண்டாட்டியும் ஆஸ்பத்திரிலதான் இருக்குது."

"எங்க வீட்டுல?"

"தனக்கொடி அக்காகிட்ட சொல்லிட்டேன். காய்ச்சறாங்க. ஆனா கலைவாணிக்கு நேத்து காலையிலேர்ந்தே வயிறு சரியில்லயாம்."

அன்று பத்து மணிக்கு நிறுவனத்தில் ஒரே உற்சாகம். சிவசங்கரி ஒரு பெரிய வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வந்தார்.

"மாணவர்களே, நமக்கு அரிய வாய்ப்பு. நம் ஊரிலேயே ஓர் உயிருள்ள உதாரணம் கிடைத்திருக்கிறது. மணல்மேட்டு நகரில் நோய் எப்படிப் பரவியது? நான்கு பேராக மூன்று குழு. ஒன்பது படிகள். ஒரு மணி நேரம்."

முதல் குழு, வெளிநாட்டிலிருந்து வந்த பயணி ஒருவரால் பரவியது என்றது. இரண்டாம் குழு வௌவால் என்றது.

"அங்க வௌவாலே கெடயாது மேடம்" என்றார் பக்கிரி.

"அதைத்தான் தரவு இடைவெளி என்கிறோம். நல்ல ஊகம். பதினெட்டு மதிப்பெண். மூன்றாம் குழு?"

மூன்றாம் குழுவின் சார்பில் பக்கிரி எழுந்தார். வரைபடத்தில் வாய்க்கால் ஓரம் விரலை வைத்தார். இங்கே குழாய் தளர்ந்திருக்கிறது, இங்கே கழிவு வால்வு இருக்கிறது, இப்போதே ஓர் ஆள் போனால் சாயந்தரத் தண்ணீரைத் தடுக்கலாம் என்றார். பேசி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சிவசங்கரி வருத்தப்பட்டார்.

"பக்கிரி, முதல் படியிலிருந்து ஒன்பதாம் படிக்குத் தாவிவிட்டீர்கள். நடுவில் ஏழு படிகளைக் காணோம். விடை சரியா தவறா என்பது இங்கே பிரச்சினை இல்லை. நீங்கள் வந்த வழிதான் பிரச்சினை."

"அது நான் தெனம் நடக்கற வழி மேடம். இப்ப யாராவது போனா—"

"போவது என்பது தலையீடு. தலையீடு இரண்டாம் பருவத்தில்தான் வருகிறது. மூன்று மதிப்பெண்."

மற்ற மூன்று பேரும் பக்கிரியை முறைத்தார்கள். அவர்களுக்கும் மூன்றுதான்.

ஏழாம் நாள் காலை தையல்நாயகி தட்டுகளைத் தள்ளிவிட்டும் போகாமல் நின்றாள். முகமூடிக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது.

"சொல்லு" என்றார் பக்கிரி.

"கலைவாணிய ராத்திரி ஆட்டோல ஏத்திக்கினு போனாங்கண்ணே. நெனவு இல்ல."

பக்கிரி கதவை நோக்கி நடந்தார். நிலைக்குக் குறுக்கே ஒரு மஞ்சள் நாடா கட்டியிருந்தது. நாடாவைத் தூக்கிவிட்டுக் கதவைத் தோளால் இடிக்கப் போனார். கை பட்டதும் கதவு தானாகத் திறந்துகொண்டது. பூட்டே இல்லை. பூட்டுக்கான கோப்பு இன்னும் அனுமதிக்குப் போயிருந்தது.

ஒரு நாடாவுக்கு இந்தப்பக்கம் அவர் இரண்டு நாள் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குள் நான்கு வேளைத் தண்ணீர் போய்விட்டது. பின்னால் பதினொரு பேர் சதுரங்கத்தைச் சுற்றி உட்கார்ந்தபடி அவரையே பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், "கதவ சாத்திட்டுப் போங்க பக்கிரி, பரவிடப் போவுது" என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மணல்மேட்டு நகர் முழுவதும் படுத்திருந்தது. பக்கிரிக்கு அவர்களை வரிசையாகத் தெரியும், தெருக்குழாய் வரிசைப்படி. இரண்டாவது குழாய், ஐந்தாவது குழாய், கோயில் குழாய். கோடிக்குழாய்க்காரர்கள்தான் அதிகம். முதல் தண்ணீர் அங்கேதான் போய் இறங்கும்.

பிரசவ வார்டு வாசலில் அவர் மனைவி தனக்கொடி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"எங்கய்யா இருந்த?"

"படிச்சிக்கினு இருந்தேன்."

பக்கிரி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இரண்டு மணிக்கு ஒரு டாக்டர் பெண் வெளியே வந்தாள். தாய் பிழைத்துக்கொள்வாள் என்றாள். உடம்பில் தண்ணீரே இல்லாமல் போய்விட்டதால் குழந்தையின் இதயத்துடிப்பு காலையிலேயே நின்றுவிட்டது என்றாள். ஆண் குழந்தை. தனக்கொடி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

மூன்றேகாலுக்குப் பக்கிரி எழுந்தார்.

"எங்க போற?"

"தண்ணி வுடற நேரம்."

தனக்கொடி அவரைப் பார்த்தாள். போகாதே என்று சொல்வாள் என்று நினைத்தார். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

தெருக்கோடியில் அவர் கழிவு வால்வின் மூடியைத் தூக்கும்போது அம்மாவாசை ஓடிவந்தார்.

"பக்கிரி, வேணாம். உனக்கு டூட்டி இல்ல. நான்தான் பதில் சொல்லணும்."

"சொல்லு. யாரோ ஒருத்தன் தொறந்தான்னு சொல்லு."

சக்கரத்தைச் சுற்றினார். குழாய் இருமியது. பிறகு கருப்பாகக் கொட்டியது. அம்மாவாசை மூக்கைப் பொத்திக்கொண்டார். குடத்தோடு நின்ற பெண்கள் கிட்டே வந்து பார்த்துவிட்டுப் பின்னால் போனார்கள். ஒருத்தி அங்கேயே வாந்தி எடுத்தாள். அது நோயால் அல்ல. அன்று நாற்றம் போகப் பதினைந்து நிமிடம் ஆனது. பக்கிரி கையில் ஏந்தி மோந்து பார்த்து, வாயில் ஊற்றித் துப்பிவிட்டு, ஊருக்குத் திறந்தார். மறுநாள் காலையிலும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். அம்மாவாசை வேறு பக்கம் திரும்பி நின்று, தனக்கு ஒன்றும் தெரியாது என்பதைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டார்.

பத்தாம் நாள் புதிதாக யாருக்கும் பேதி இல்லை. இறந்தவர்கள் நான்கு பேர் என்று அறிக்கை வந்தது. பக்கிரியின் பேரன் அதில் வரவில்லை. படிவத்தில் வயது என்ற கட்டத்தில் பூஜ்ஜியம் போட இடமில்லை.

பதினைந்தாம் நாள் இயக்குநர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். கோபமாக இருப்பார் என்று பார்த்தால், நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். சுவரில் ஒரு வரைபடம் ஒளிர்ந்தது. ஏழாம் நாள் வரை ஏறிய கோடு, பிறகு இறங்கிப் பத்தாம் நாளில் தரையைத் தொட்டது.

"பாருங்கள் பக்கிரி. நம் செய்முறை தொடங்கியது இங்கே. முடிந்தது இங்கே. அதற்குள் நோயும் முடிந்துவிட்டது. பன்னிரண்டு பேரைத் தனிமைப்படுத்தி ஒரு நகரையே காப்பாற்றியிருக்கிறோம். பாரீஸ் மாநாட்டில் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்."

பக்கிரி வரைபடத்தைப் பார்த்தார். அதில் அஞ்சலாட்சி ஒரு புள்ளியாக இருந்தாள்.

"ஒரே ஒரு சிக்கல். பன்னிரண்டு பேர் என்று எழுதிவிட்டோம். நீங்கள் நடுவில் போய்விட்டீர்கள். பதினொன்று என்றால் கட்டுரை நிற்காது. இந்தத் தாளில் பதினான்கு நாளும் உள்ளேயே இருந்ததாக ஒரு கையெழுத்துப் போடுங்கள். பட்டம் முதல் வகுப்பில் வரும். உங்கள் ஆபீசிலிருந்து வந்திருக்கும் புகாரையும் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே இருந்த ஆள் எப்படி வால்வைத் திறந்திருக்க முடியும்?"

"நான் உள்ளயே இருந்தேன்னா வால்வ யாரு சார் தொறந்தது?"

"யாரும் திறக்கவில்லை. இந்த வரைபடத்தில் வால்வே இல்லையே."

"அப்ப நாளைக்கும் யாரும் தொறக்க மாட்டாங்க."

இயக்குநர் பேனாவை நீட்டினார். பக்கிரி வாங்கிக்கொண்டார்.

"சார், போடறேன். எனக்கு ஒரு வரி நீங்க எழுதிக் குடுங்க. ஊருக்குத் தொறக்கறதுக்கு முன்ன கழிவு வால்வ தொறக்கணும்னு. உங்க நிறுவனத்து முத்திரையோட. அத வெச்சி அம்மாவாச தொறப்பாரு."

"அது தலையீடு பக்கிரி. எங்களுக்கு அதிகாரம் இல்லை. உள்ளே இருந்ததாகச் சான்றிதழ் வேண்டுமானால் எத்தனை வேண்டுமானாலும் தருகிறேன்."

பக்கிரி பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

நிறுவனம் அவரைத் தனிமைப்படுத்தலை மீறியதற்காக நீக்கியது. கட்டுரையில் அவர் எண்ணிக்கையில் இருந்தார், பெயரில் இல்லை. தண்ணீர் ஆபீஸ் நான்கு நாள் கழித்துத் தற்காலிகப் பணிநீக்க ஆணையை வீட்டுக்கே அனுப்பியது. கலைவாணி சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பக்கிரி ஆணையை ஒருமுறை படித்தார். பிறகு இன்னொரு முறை, மெதுவாக. அதன்பின் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலை ஐந்து மணிக்குத் தெருக்கோடிக்குப் போனார்.

"படி" என்று அம்மாவாசையிடம் நீட்டினார்.

அம்மாவாசை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கைவிளக்கை அடித்து, எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தார்.

"'...மேற்படி பணியாளர், தெருக்குழாய்களுக்குக் குடிநீர் திறக்கும் முன்பாக, தெருக்கோடிக் கழிவு வால்வினைக் காலையும் மாலையும் பத்து நிமிடம் திறந்து வைத்து, அதன் பின்னரே குடிநீர் வழங்கும் நடைமுறையினைப் பின்பற்றி வந்துள்ளார் என்பது உறுதி செய்யப்படுகிறது...'" நிறுத்தினார். "கையெழுத்து?"

"கீழ இருக்குது."

"முத்திரை?"

"பக்கத்துல."

அம்மாவாசை முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. இத்தனை நாளில் முதல் முறையாக, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி அவர் மனைவி படுத்திருக்கும் வீட்டுப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"நடைமுறைன்னே போட்டிருக்காங்களே. இது போதும் பக்கிரி. இத ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிடறேன். எவன் கேட்டாலும் காட்டுவேன்."

அவரே குனிந்து மூடியைத் தூக்கினார். அவரே சக்கரத்தைச் சுற்றினார். தண்ணீர் கருப்பாக வந்து வாய்க்காலில் விழுந்தது. பக்கிரி ஓரமாக நின்று பார்த்தார். இருபது நாளில் அவருக்கு முதல் முறையாக உட்கார வேண்டும்போல இருந்தது. வாய்க்கால் சுவரில் உட்கார்ந்தார். அம்மாவாசை கைக்கடிகாரத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தபடி நின்றார்.

"எட்டு... ஒம்போது..."

தண்ணீர் பழுப்பாக மாறியிருந்தது. பக்கிரி எழுந்து வந்து உள்ளங்கையில் ஏந்தினார்.

"பத்து" என்று சொல்லிவிட்டு அம்மாவாசை சக்கரத்தில் கை வைத்தார்.

"இரு. இன்னும் நாறுது."

"பத்து நிமிஷம்னுதான் போட்டிருக்குது."

"மோந்து பாருய்யா."

"மோந்து பாக்கணும்னு எழுதல பக்கிரி."

பக்கிரி சக்கரத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கைய எடு. நீ சஸ்பெண்டுல இருக்க. ஆபீஸ் சொத்துல கை வெக்கக் கூடாதுன்னு இதுலயே இருக்குது, கடைசி வரி. நல்லதுக்குதான் சொல்றேன்."

தெருவில் பெண்கள் குழாய்களைத் திறந்து வைத்துவிட்டார்கள். காலிக் குழாய்களில் காற்று சீறியது. யாரோ ஒருத்தி, "இன்னும் வுடலயா?" என்று கத்தினாள்.

அம்மாவாசை சக்கரத்தை வலப்பக்கம் அழுத்தினார். பக்கிரி இடப்பக்கம் அழுத்தினார். பத்து நிமிடம் முடிந்து நாற்பது நொடி ஆகியிருந்தது. தண்ணீர் இன்னும் நாறியது.